இயந்திரம் திருத்த ஊர் ஊராய்ப் போகும் பெண்

எந்த அலுவலகத்தின் படியேறினாலும் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது "கொப்பி எடுத்தாச்சா?" என்பதுதான். அடையாள அட்டையின் இரு பக்கமும், பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் கொப்பி வேண்டும். அஸ்வெசும கொடுப்பனவுக்கு மேன்முறையீடு செய்வதென்றாலும் கொப்பிகளோடுதான் போகவேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையிலும் 2009 வரை நீடித்த போரிலும் தமது மூல ஆவணங்களை இழந்த குடும்பங்கள் வடக்கு கிழக்கில் ஏராளம். எங்கோ ஒரு கோவையில் பழைய கொப்பி ஒன்று கிடந்ததால் இழந்த சான்றிதழை மீளப் பெற்றுக்கொண்டவர்களை எனது சமூகப் பணியில் கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கொப்பியை எடுத்துத் தரும் இயந்திரம் பழுதடைந்தால் அதைத் திருத்த யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. "மெசின் பழுது, நாளைக்கு வாங்கோ" என்ற ஒரு சொல்லால் 40 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்த ஒரு தாய் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். அவரது ஒரு நாட் கூலியும் பஸ் காசும் அதோடு போய்விடுகின்றன.

வவுனியாவில் வசிக்கும் ஒரு சகோதரி இந்தத் திருத்த வேலையைச் செய்து வருகிறார். வயது 38. போரின் இறுதிக் காலத்தில் கணவரை இழந்தவர். உயர்தரம் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். தனது பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரைச் 'சகோதரி' என்றே இங்கு குறிப்பிடுகிறேன். குடும்பத் தலைமை தாங்கும் பெண்களின் வாழ்வாதாரம் தொடர்பான வேலை காரணமாக அவரது அறிமுகம் எனக்குக் கிடைத்தது. அவர் போகும் பாதையும் எனது களப்பணிப் பாதையும் பல தடவைகள் ஒன்றாக இருந்ததால் அவருடன் சேர்ந்து பயணம் செய்யும் வாய்ப்பும் ஏற்பட்டது.

ரோச் பிடித்துக் கற்ற தொழில்

சகோதரி முதலில் ஒரு கொமியூனிகேசன் கடையில் வேலைக்கு நின்றவர். நமது நகரங்களில் இத்தகைய கடைகளில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் சாதாரண தரமோ உயர்தரமோ படித்து முடித்த பெண் பிள்ளைகளே. நாள் முழுவதும் அந்த இயந்திரத்தோடு நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் மூடியைக் கழற்றும்போது அவர்களை விலகி நிற்கச் சொல்வதே வழக்கம்.

இவர் விலகி நிற்கவில்லை. கொழும்பிலிருந்து திருத்த வருபவருக்கு ரோச் லைற் பிடித்துக் கொடுத்தார். கழற்றிய ஆணிகளை வரிசை மாறாமல் ஒரு கடதாசியில் அடுக்கி வைத்தார். "இது என்னண்ணை? இது ஏன் இப்பிடி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வந்த அண்ணரும் எரிச்சலின்றிச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த முறை அவர் வருவதற்கு முன்பே சில பழுதுகளை இவர் தானே சரி செய்திருந்தார். பின்னர் அந்த அண்ணரின் சிபாரிசில் ஒரு நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்து, இப்போது தனியாகப் போய் வருகிறார்.

வவுனியா பாதைகள் சந்திக்கும் இடம். வடக்கே யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். மேற்கே மன்னார், கிழக்கே திருகோணமலை, வடகிழக்கே முல்லைத்தீவு. எந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தாலும் போகவேண்டும். கிட்ட உள்ள இடத்துக்கு மோட்டார் சைக்கிள். தூரம் என்றால் பஸ். முதுகில் ஒரு பை. அதற்குள் ஸ்குறூ ட்ரைவர்கள், சிறிய தூரிகைகள், மின்சோதனைக் கருவி, இரண்டு மூன்று இறப்பர் உருளைகள், ஒரு பழைய சட்டைத் துணி, மாற்றுடுப்பு ஒன்று. அன்றே திரும்பலாம் என்று நினைத்துப் போன இடத்தில் இரவு தங்கவேண்டி வந்த நாட்கள் பல என்பதால் அந்த மாற்றுடுப்பு பையை விட்டு வெளியே எடுக்கப்படுவதில்லை.

கடல் கடந்த பாடசாலை

ஒருமுறை நெடுந்தீவிலுள்ள பாடசாலை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அச்சிடவேண்டிய நேரத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. எனக்கும் அங்கு இரு குடும்பங்களைச் சந்திக்கவேண்டியிருந்ததால் சேர்ந்து போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில் கடற் பயணம். சகோதரி தனது பையை இரண்டு பொலித்தீன் உறைகளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன் தலையில் உப்புத் தண்ணீர் தெறித்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

முருகைக்கல் வேலிகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் உள்ள அந்தத் தீவில் அப்போது மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கிகளால் கிடைத்தது. பாடசாலையில் ஒரு முதிய ஆசிரியர் எங்களை வரவேற்றார். எங்களுக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெக்னீசியன் வரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார்.

"நான்தான் ஐயா" என்றார் சகோதரி. சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. அந்தக் கேள்வி அவருக்குப் பழகிப் போய்விட்டது.

இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே மின்னிணைப்புத் தகடுகளில் பச்சை படிந்திருந்தது. கடற்காற்றின் உப்புப் பட்டு உலோகம் அரிப்பெடுத்திருந்தது. அவர் வாசலில் நின்ற மாணவி ஒருத்தியிடம் பென்சில் அழிறப்பர் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு தகட்டையும் மெல்லத் தேய்த்துத் துடைத்தார். புதிய உதிரிப்பாகம் எதுவும் தேவைப்படவில்லை. பின்னேரப் படகுக்கு முன்னரே வினாத்தாள்கள் வரத் தொடங்கின. வாசலை எட்டிப் பார்த்த அதே ஆசிரியர் இறங்குதுறை வரை வந்து வழியனுப்பினார்.

சிறைச்சாலைக்குள்ளும் காட்டுப் பாதையிலும்

சகோதரி போய் வந்த இடங்களின் பட்டியல் நீளமானது. ஒரு சிறைச்சாலையின் அலுவலகத்துக்குப் போனபோது வாசலிலேயே தொலைபேசியைக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. பையிலிருந்த கருவிகள் ஒவ்வொன்றும் எண்ணி எழுதப்பட்டன. வெளியே வரும்போதும் அதே பட்டியலின்படி எண்ணிப் பார்த்தார்கள். தொலைபேசி இல்லாததால் சந்தேகம் வந்தாலும் யாரிடமும் கேட்க முடியாது. "அண்டைக்குத்தான் எனக்கு என்னிலயே நம்பிக்கை வந்தது அக்கா" என்றார் என்னிடம்.

வைத்தியசாலைப் பதிவேட்டு அறை ஒன்றில் எலி வயர்களைக் கடித்திருந்தது. ஒரு கிராமத்து நூலகத்தில் மின்சுற்றுப் பலகையின் மேல் பல்லி ஒன்று கருகிக் கிடந்தது. இன்னோரிடத்தில் எறும்புகள் கடதாசித் தட்டுக்குள் முட்டையிட்டிருந்தன. வெப்பம் உள்ள இடத்தைப் பிராணிகள் விரும்பத்தானே செய்யும்!

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கப் பாதைகளில் வேறு கவலை. மாலையானால் யானைகள் வீதிக்கு வரும். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் பொழுது சாய்வதற்கு முன் புறப்பட்டுவிட வேண்டும். நெடுந்தூரப் பாதையில் பெண்ணுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. ஆண்கள் மரத்தடியில் ஒதுங்குவார்கள். பெண் எங்கே போவது? எந்தச் சந்தியில் துப்புரவான மலசலகூடம் உண்டு, எந்தக் கடைக்காரம்மா தன் வீட்டுக்குள் விடுவார் என்பதெல்லாம் சகோதரிக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்து சிறுநீர்த் தொற்று வந்து வருந்தியதையும் சொன்னார்.

நிற்பவரைக் கேள்

ஒரு மாரி காலத்தில் முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள அலுவலகம் ஒன்றில் நடந்ததை நான் நேரில் கண்டேன். வெளியே வாங்குகளில் ஐம்பது பேர் வரையில் காத்திருந்தார்கள். உள்ளே இயந்திரம் கடதாசியைக் கசக்கிக் கசக்கித் துப்பியது. அலுவலர் ஒருவர், "இது பழைய மெசின், இனிச் சரிவராது, புதுசு வேணுமெண்டு எழுதிப் போட்டிருக்கிறம்" என்றார்.

சகோதரி அதைக் கேட்டுக்கொண்டார். பின்னர் ஓரமாக நின்ற காரியாலய உதவியாளரான ஒரு அம்மாவிடம் போனார். "அம்மா, நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் இதில நிக்கிறனீங்கள். எப்ப கூடக் குழப்பம் தாறது?"

அந்த அம்மா தயங்கினார். தன்னிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "காலமையிலதான் பிள்ளை. மத்தியானத்துக்குப் பிறகு புதுக்கட்டு உடைச்சுப் போட்டால் நல்லா அடிக்கும்."

பழுது அதற்குள்ளேயே இருந்தது. மாரிக் குளிரில் இரவு முழுவதும் தட்டில் கிடந்த கடதாசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரக் கடதாசி உருளைகளுக்கிடையே வளைந்து சிக்குகிறது. மிச்சக் கடதாசிக் கட்டுகளும் சீமெந்து நிலத்திலேயே அடுக்கப்பட்டிருந்தன. "மெசினுக்கு வருத்தமில்லை ஐயா, பேப்பருக்குத்தான் வருத்தம்" என்றார் சகோதரி. தட்டை வெறுமையாக்கி, உருளைகளைத் துடைத்து, புதுக்கட்டைப் போட்டதும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இனி மாலையில் தட்டிலுள்ள கடதாசியை எடுத்து உறையில் சுற்றி அலுமாரியில் வைக்கும்படி அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டு வந்தார். காத்திருந்தவர்களில் ஒருவரும் அன்று திரும்பிப் போகவில்லை.

சமூகவியல் சொல்வது

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இத்தொழில் பற்றிய ஆய்வுகள் இருப்பதை அறிந்து வியந்தேன். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் அமெரிக்காவில் போட்டோக்கொப்பி இயந்திரம் திருத்துபவர்களோடு கூடவே திரிந்து, அவர்கள் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்து 1996 இல் ஒரு நூல் வெளியிட்டார். நிறுவனம் தரும் கைந்நூலில் எழுதியபடி பழுதுகள் வருவதில்லை என்பதை அவர் கண்டார். திருத்துபவர்கள் சாப்பாட்டு நேரத்திலும் தேநீர் நேரத்திலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அனுபவக் கதைகளில்தான் இத்தொழிலின் அறிவு சேமிக்கப்படுகிறது என்றார். இயந்திரத்தைத் திருத்துவது போலவே அதைப் பாவிக்கும் மனிதரோடு பேசிப் புரிந்துகொள்வதும் அந்த வேலையின் பாதி என்றும் காட்டினார்.

அவருக்கு முன்னரே லூசி சச்மன் என்ற பெண் மானிடவியலாளர், போட்டோக்கொப்பி இயந்திரத்தின் முன் மனிதர்கள் தடுமாறுவதைப் படம்பிடித்து ஆராய்ந்து 1987 இல் நூலாக்கினார். கணினித் துறையில் தேர்ந்த விஞ்ஞானிகளே அந்த இயந்திரத்தில் இருபக்கக் கொப்பி எடுக்க முடியாமல் திணறியிருக்கிறார்கள். குறை பாவிப்பவரின் அறியாமையில் இல்லை, எதிரே நிற்பவர் என்ன செய்கிறார் என்று இயந்திரத்தால் அறிய முடியாததில் இருக்கிறது என்பதே அவரது விளக்கம். கடையில் நிற்கும் பிள்ளைகளை 'மெசினைப் பழுதாக்கிப் போட்டாள்' என்று ஏசும் முதலாளிமார் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஜூலியன் ஓர் சொன்னதைச் சகோதரியின் நிலையோடு பொருத்திப் பார்த்தேன். இங்கு ஆண் தொழில்நுட்பவியலாளர்கள் மாலையில் தேநீர்க் கடையில் கூடிக் கதைக்கிறார்கள். அந்தக் கதைகளில்தான் 'இன்ன மொடலுக்கு இன்ன பழுது' என்ற நுட்பம் கைமாறுகிறது. அந்த மேசையில் நமது பெண் போய் இருக்க முடியாது. ஆகவே கருவி அவர் கையில் இருந்தும் அறிவு ஒரு படி தூரத்தில் நின்றது. சகோதரி இதற்கு ஒரு வழி கண்டார். தான் கண்ட பழுதுகளைத் தொலைபேசியில் குரற்பதிவாக மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். முதலில் ஒருவரும் பதில் போடவில்லை. நெடுந்தீவின் பச்சை படிந்த தகடு பற்றிச் சொன்னபின் மன்னாரிலிருந்து ஒருவர், "இங்கயும் உப்புக் காத்துத்தான் தங்கச்சி, எனக்கும் அதே பழுது" என்று பதில் அனுப்பினார். இப்போது அவரிடமே கேட்கிறார்கள்.

சமையலறையில் பிறந்த இயந்திரம்

இந்த இயந்திரத்தின் பிறப்பும் சுவையானது. அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் காப்புரிமை அலுவலொன்றில் பணியாற்றியவர். ஆவணங்களைத் திரும்பத் திரும்பக் கையால் எழுதுவது மூட்டுவாத நோயாளியான அவருக்குப் பெரும் வேதனை. தமது வீட்டுச் சமையலறையில் கந்தகத்தை உருக்கிப் பரிசோதனைகளைத் தொடங்கினார். அந்த மணத்தை வீட்டார் எவ்வளவு காலம்தான் பொறுப்பார்கள்? பின்னர் நியூயோர்க்கின் அஸ்டோரியாப் பகுதியில் ஓர் அறைக்கு மாறி, 1938 ஒக்டோபர் 22 இல் முதற் பிரதியை எடுத்தார். சாதாரண கடதாசியில் பிரதி எடுக்கும் ஸெரொக்ஸ் 914 என்ற அலுவலக இயந்திரம் 1959 இல்தான் வந்தது. அது ஏறத்தாழ 300 கிலோகிராம் எடையுடையது. கடதாசி தீப்பிடிக்கும் என்ற பயத்தில் ஒரு சிறு தீயணைப்புக் கருவியையும் கூடவே கொடுத்தார்கள்.

4 லீற்றர் பெற்றோல்

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. மாத இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றரே ஒதுக்கப்பட்டது. தூரத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு 4 லீற்றர் எதற்குக் காணும்?

அந்த நாட்களில் சகோதரி தொலைபேசியிலேயே வைத்தியம் பார்க்கப் பழகினார். "திரையில என்ன இலக்கம் காட்டுது? கொப்பியில கோடு எந்தப் பக்கம் விழுது?" என்று கேட்டுக் கேட்டு, மறுமுனையில் நிற்கும் பிள்ளையையே திருத்த வைத்தார். அப்போது அவர் சொல்லிக் கொடுத்தவற்றில் சில நமது வாசகிகளுக்கும் பயன்படும்.

• கட்டாகத் தாள் வைக்கும் மேல்தட்டால் எடுக்கும்போது மட்டும் நீளக் கோடு விழுந்தால், பக்கத்திலுள்ள ஒடுக்கமான கண்ணாடிப் பட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் அழிக்கும் வெள்ளை மையின் சிறு புள்ளி ஒட்டியிருக்கும். மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

• சிக்கிய கடதாசியை அது போகும் திசையிலேயே மெல்ல இழுக்கவேண்டும். தூளை உருக்கி ஒட்டும் உருளை 200 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கலாம். ஆறும்வரை கை வைக்கக் கூடாது.

• டோனர் எனப்படும் கறுப்புத் தூள் நுண்ணிய பிளாஸ்டிக் தூளாகும். உடுப்பில் கொட்டினால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சுடுநீர் பட்டால் உருகிப் பிடித்துவிடும். வீட்டுத் தூசு உறிஞ்சியால் எடுக்கவேண்டாம்.

• இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன் திரையில் தெரியும் இலக்கத்தை எழுதி வையுங்கள். அந்த ஓர் இலக்கம் ஒருவரின் 100 கிலோமீற்றர் பயணத்தை மிச்சப்படுத்தலாம்.

இரவு எங்கே தங்குவது?

இலங்கையில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். 'பெண்ணுக்குக் கருவி பிடிக்கத் தெரியாது' என்பது காரணமன்று. தையல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் பெண்கள் நமது வீடுகளிலேயே இருக்கிறார்கள். தடையாக நிற்பது பாதை. அதிலும் இரவு.

சகோதரியிடம் மாங்குளம் பக்கத்துக் கொமியூனிகேசன் கடையில் நிற்கும் பிள்ளை ஒருத்தி தொழில் பழக விரும்பினாள். கெட்டிக்காரி. ஆனால் தாயார் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வேலை பிந்தினால் இரவில இவள் எங்க தங்குறது?" அந்தத் தாயைப் பிற்போக்கானவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பொறுப்புள்ள தாயின் கேள்வி. சகோதரியும் அதே கேள்வியோடுதான் இத்தனை ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறார். முன்னர் அவர் வேலை செய்த ஒரு நிறுவனம், தங்குமிடத்துக்கு ஆண்கள் அறைக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கையே அவருக்கும் கணக்கிட்டது. நான்கு ஆண்கள் ஓர் அறையில் படுத்துக்கொள்ளலாம். இவர் எப்படிப் படுப்பது? மீதியைத் தன் கைக்காசில் கட்டினார். சில இரவுகளில் பாடசாலை ஆசிரியை வீட்டிலும், ஒருமுறை வைத்தியசாலைத் தாதியர் விடுதியிலும் தங்கினார். எல்லாம் யாரோ ஒரு பெண்ணின் இரக்கத்தால் கிடைத்த இடம். இரக்கம் ஒவ்வொரு ஊரிலும் தயாராகக் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இதை நாம் ஒழுங்குபடுத்தலாம் என்பதே எனது கருத்து. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஏறத்தாழ ஒவ்வொரு கிராமத்திலும் உள்ளன. வேலையாக வரும் பெண் ஒருவர் ஓர் இரவு தங்கக்கூடிய நம்பிக்கையான இரண்டு வீடுகளை ஒவ்வொரு சங்கமும் தெரிவு செய்யட்டும். நியாயமான ஒரு தொகையையும் தீர்மானிக்கட்டும். வீட்டுக்காரப் பெண்ணுக்கு அது ஒரு சிறு வருமானம். வரும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு. சங்கத்தின் தலைவிக்கு முதல் நாளே ஓர் அழைப்பு எடுத்தால் போதும். திருத்த வேலைக்கு வருபவருக்கு மட்டுமன்றி, குடும்பநல உத்தியோகத்தருக்கும், பயிற்சி ஆசிரியைக்கும், என்னைப் போன்ற களப்பணியாளருக்கும் அது உதவும். அந்தப் பட்டியலைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டவேண்டாம். தலைவியின் கொப்பியில் இருக்கட்டும்.

சகோதரியும் நானும் சேர்ந்து ஏ9 பாதையில் இரண்டு சங்கங்களோடு கதைத்திருக்கிறோம். ஒரு சங்கம் மூன்று வீடுகளின் விபரத்தைத் தந்துவிட்டது. மற்றையது அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறது. மாங்குளத்துப் பிள்ளையின் தாயார் அந்த மூன்று வீடுகளில் ஒன்றைத் தானே போய்ப் பார்த்து வந்தார். கிணற்றையும் கதவுத் தாழ்ப்பாளையும் கூடச் சோதித்தாராம். அடுத்த மாதத்திலிருந்து மகளை உதவியாளராக அனுப்பச் சம்மதித்திருக்கிறார்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.